சாந்தம்மா அத்தைக்கு மட்டும்

இல்லிங்க மேடம், அந்தாண்ட போற பஸ் இப்ப வராது. உங்க வெப்சைட்ல போட்டிருக்கும், ஆனா வராது. பஸ் நேரம்னு ஒரு பக்கம் வச்சிருக்கீங்களே, அத நம்பி வந்து நிக்கிறவங்கள நாங்க தெனம் பாக்குறோம். பைய இப்டி குடுங்க. இந்தக் கல்லு மேல ஒக்காருங்க, நெழலு இருக்குது.

ஒரு நிமிசம், சத்தம் கேக்குதா? டர்ர்ர்ர்... பாஆஆம்... பாம் பாம்!

அய்யே, எந்திரிச்சிட்டீங்களே! ஒக்காருங்க மேடம், ஒக்காருங்க. அது நான் தான், வாயாலயே அடிச்சேன். கோச்சிக்காதீங்க, எங்க கண்டக்டர் தசரதன் அண்ணனே இதுல ஏமாந்திருக்காரு. டீய பாதியில வச்சிட்டு ஓடியாந்து, ஏய் யார்றா வண்டிய எடுத்தது, ஏற்றவன்லாம் ஏறு, எறங்குறவன்லாம் எறங்கு, படியில தொங்குறவன் தொங்கிக்கோன்னு கத்துனாரு. தோ, இப்ப நான் சொன்னன் இல்ல, அதே தொண்ட தான் அவருக்கு. வண்டி நின்ன எடத்துலயே நின்னுகினு இருக்குது.

பேரு கோகுல்ராஜ். பன்னெண்டாவது. பாஞ்சாலி பையன் மேடம். ஆமா, உங்க பாஞ்சாலி தான். உங்க மலைத்துணை வெப்சைட்ல செவப்புப் பொடவ கட்டிகினு சிரிக்குதே, அதே பாஞ்சாலி. ஜாடை தெரியலியா? அது சிரிச்சா தான் ஜாடை தெரியும் மேடம். வூட்டுல என்ன பாத்து அது சிரிச்சதே இல்ல. உங்க போட்டோவுல தான் பாத்தேன், அட, எங்கம்மாவுக்குக் கன்னத்துல குழி உழுது!

இன்னா, எங்கம்மா கிட்ட தெனம் போன்ல பேசுற சாந்தம்மாவ பாக்கவா வந்தீங்க? அவங்க ஊருக்கேவா?

அது ரொம்ப தூரம் மேடம். பஸ் எறங்கி ஓடைய தாண்டி ஏறணும். ஓடையாண்ட தேனீ வேற. போன வாரம் ஒரு சாரு இப்டி தான் டக்கரா சட்டை போட்டுகினு போனாரு, திரும்பி வர சொல்ல அவரு மூஞ்சிய அவரு சம்சாரத்துக்கே அடையாளம் தெரில. சிரிக்காதீங்க. நெசம்.

ஓ. இப்டி ஒரு பிளானா. திருப்பத்தூர்ல விழா, எங்கம்மாவுக்குப் பொன்னாடை, அது மேடையில நிக்க சொல்ல பின்னாடிலேர்ந்து சாந்தம்மாவ கூட்டியாந்து நிறுத்தப் போறீங்களா? அம்மாவுக்குத் தெரியாமலேவா? நல்லா தான் இருக்கும். போட்டோவ முதல் பக்கத்துல போடுவீங்க, இல்ல? அம்மாவும் அந்தம்மாவும் கட்டிப் புடிச்சிகினு. நான் கீழ ஒக்காந்து கை தட்டணும்.

இல்லியே, எனக்கு இன்னா கோவம்? எனக்கு ஒண்ணும் இல்ல.

சரி, பஸ் வர வரைக்கும் ஒண்ணு சொல்லட்டுமா? உங்க வெப்சைட்டு நல்ல வெப்சைட்டு தான். படிக்கத் தெரியாதவங்க அமுக்கிக் கேக்குறதுக்குப் பேச்சு வச்சிருக்கீங்களே, அது எனக்கு மனப்பாடம். வணக்கம். மலைத்துணை இணையதளத்திற்குத் தங்களை அன்புடன் வரவேற்கிறோம். முதியோர் உதவித்தொகை பற்றி அறிய, பாட்டி படத்தைத் தொடவும். நடமாடும் மருத்துவ ஊர்தி வரும் நாளை அறிய, வண்டிப் படத்தைத் தொடவும். தனிமையாக உணர்கிறீர்களா? பேச்சுத் துணைக்கு, இரு கிளிகளின் படத்தைத் தொடவும். எப்டி? அது உங்க கொரலா மேடம்? அட! நேர்ல பேச சொல்ல வேற மாதிரி இருக்குது. அதுல மூக்கடைச்ச மாதிரி. ஜல்பு புடிச்சிருந்துதா அப்ப?

ஆனா ஒண்ணு மேடம், தனிமைன்னு போட்டீங்க பாருங்க, அது தான் தப்பு. எங்க மலையில அதுக்குன்னு யாரும் போன் பண்ண மாட்டாங்க. செத்தாலும் பண்ண மாட்டாங்க. எனக்குத் தனிமையா இருக்குதுன்னு சொன்னா ஊரு சிரிக்கும். ஆடு காணோம்னு தான் போன் பண்ணுவாங்க. மருந்து வண்டி எப்ப வரும், புளி எடுக்க வியாபாரி வந்தாச்சா, மாடு ரெண்டு நாளா அச போடல. எல்லாம் கிளி படத்த தொட்டு, எங்கம்மாவுக்குத் தான் வரும். பேச்சுத் துணைக்குன்னு நீங்க பயிற்சி குடுத்து அனுப்புனீங்களே, அதுலேர்ந்து எங்கம்மா வேற ஆளாயிட்டுது. கொரல தாழ்த்திப் பேசணுமாம். குறுக்கப் பேசக் கூடாதாம். எடுத்ததும் சாப்டீங்களான்னு கேக்கணுமாம். வந்த அன்னிக்கு ஒலக்கைய எதுருல நிறுத்தி வச்சிகினு அது கிட்ட பேசிப் பழகிச்சு. சொல்லுங்க, நான் கேட்டுகினு தான் இருக்கேன். சொல்லுங்க, நான் கேட்டுகினு தான் இருக்கேன். நான் பின்னாடிலேர்ந்து, எம்மா பசிக்குதும்மான்னேன். கேட்டுகினா இருந்துச்சு? சட்டியில இருக்குது, போட்டுத் துன்னுடா.

ஒலக்கைக்குக் கெடைச்சது கூட எனக்குக் கெடைக்கல மேடம்.

சாந்தம்மாவும் ஆட்ட தேடி வந்தவங்க தான். அவங்க ஊரு அங்கன்வாடி டீச்சரு அந்தம்மாவோட பட்டன் போன்ல நம்பர போட்டுக் குடுத்திருக்காங்க. ஆடு காணோம்னு பண்ணாங்க. எங்கம்மா எடுத்துச்சு. சாப்டீங்களா? ஆட்ட காணோம்ன்றேன், சோத்த கேக்குறியே, யாரு நீ? அப்டின்னாங்க. எங்கம்மாவுக்கு அந்தப் பேச்சே புடிச்சிப் போச்சு.

அப்பறம் ஆரம்பிச்சாங்க பாருங்க. எந்த ஊரு? யாரு வூடு? உங்க ஊர்க்கவுண்டரு வூட்டுக்கு நீங்க இன்னா வேணும்? எங்க சின்னாயி பொண்ணு அங்க தான குடுத்திருக்குது. அப்ப அவங்க மாமியாருக்கு நீ? இப்டியே போயி, ஆடு கெடைக்கிறதுக்குள்ள எங்கம்மாவுக்கு அந்தம்மா அத்தையாயிட்டாங்க. துணை பேசுறவங்களும் பேச வர்றவங்களும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாதவங்களா இருக்கணும்னு நீங்க ரூல் போட்டீங்களாம்? மலையில அது ஒரு நாளு தாங்காது மேடம். ரெண்டாவது போன்லயே அத்தைன்னு ஆயிட்டுது.

அப்பறம் இன்னா, தெனமும் தான். பொழுது சாய சொல்ல போன் வரும். எங்கம்மா போன அவ்ளோ சத்தமா வச்சிட்டு, மொறத்துல சாம அரிசி பொடைச்சிகினே பேசும். பொடைக்கிறது பேருக்கு. அதுல கல்லே இருக்காது. எங்கப்பா திருப்பூர் பனியன் கம்பெனில இருக்காரு மேடம், அவரு போன் பண்ணா மொறம் நிக்காது. ம், சரி, வையி. அவ்ளோ தான். அத்தைன்னா சிரிப்பு. அந்தம்மா இருமுனா கூட சிரிப்பு. க்ஹும்... க்ஹும்... அப்பறம் பாஞ்சாலி, அந்த மருமவ வசந்தி இன்னா பண்ணா தெரியுமா, கொள்ளு கடையுறேன்னு சொல்லி... தோ பாருங்க, உங்களுக்கே சிரிப்பு வருது! அந்தம்மா பேச்சு அப்டி. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னாடி ரெண்டு இருமல், பின்னாடி ஒரு, ம்ம் அப்பறம்.

நான் இந்த ஊருல எல்லாரையும் சிரிக்க வச்சிருக்கேன் மேடம். எங்க தலைமையாசிரியரு மாதிரி பேசி பள்ளிக்கூடத்துக்கே லீவு வுட்டிருக்கேன். காவலூர்ல நட்சத்திரம் பாக்குற எடத்துக்கு டூர் கூட்டிப் போனாங்க, அங்க விளக்கம் சொன்ன சாரு மாதிரி திரும்பி வர சொல்ல பஸ்லயே பேசுனேன், மாணவர்களே, நீங்கள் காணும் இந்தக் கண்டக்டர் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே அணைந்து போனவர், அப்டின்னு. பஸ்ஸே உழுந்து உழுந்து சிரிச்சுது. தசரதன் அண்ணன் கூட. வூட்டுக்கு வந்து அதயே அம்மாவுக்குப் பண்ணிக் காட்னேன். மாட்டுக்குத் தண்ணி காட்னியாடா, அப்டின்னு கேட்டுது. அன்னிக்குப் பொழுது சாய அத்தை கிட்ட சொல்லுது, அத்தே, எம்பையன் பஸ்ல ஒரு கூத்து அடிச்சிருக்கான் பாருன்னு. முழுசும் சொல்லுது! நான் பண்ண மாதிரியே பண்ணிக் காட்டுது! கண்ணுல தண்ணி வர சிரிக்குது. நான் கதவாண்ட நிக்கிறேன் மேடம். என் சரக்க வச்சி அங்க யாவாரம் நடக்குது.

வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்க.

அம்மா கிட்டயே கேக்குறதா? இன்னான்னு கேக்குறது? எம்மா, என்னையும் சாப்டீங்களான்னு கேளுன்னா? எனக்கு மீச மொளைச்சிட்டுது மேடம்.

அதனால தான் ஒரு வேலை பண்ணேன். எங்கப்பா போ சொல்ல ஒரு பழைய போன வுட்டுட்டுப் போனாரு. அத எடுத்துகினு எங்க வூட்டுக்கு மேல ஒரு பாறை இருக்குது, அங்க தான் டவர் நல்லா எடுக்கும், அது மேல ஏறிட்டேன். அம்மாவுக்கே போன் போட்டு, பெரியவரு மாதிரி பேசுனேன். அம்மா, நான் காவலூர்லேர்ந்து ராஜாக்கண்ணு பேசுறேம்மா, புள்ளைங்க எல்லாம் பெங்களூர் போய்ட்டாங்கம்மா, கண்ணும் சரியா தெரியிலம்மா. கொரல நடுங்க வுட்டு, மூச்சு வாங்கி, சூப்பரா பண்ணேன். அப்பறம் இன்னா சொல்லுச்சு தெரியுமா? மாட்ட மாத்திக் கட்டிட்டு வாடா கோகுலு.

அடுத்த நாளு பொம்பள கொரல்ல பண்ணேன். அதிகாரி மாதிரி பண்ணேன். தெலுங்கு கலந்து பேசுற துணி யாவாரி மாதிரி கூட. ரெண்டு வார்த்த தாங்கல மேடம். தண்ணி புடிச்சி வையிடா. கோழிய அடைச்சியாடா. எப்டி கண்டுபுடிக்குதுன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியல. ஊரே ஏமாறுது. நீங்க இப்ப ஏமாந்தீங்க. அது மட்டும் ஏமாறாது.

நம்ம கிட்ட மட்டும் ஏன் இப்டின்னு யோசிச்சிப் பாத்தேன். எல்லாம் அந்தம்மாவால தான்னு தோணுச்சு. மொத்த இனிப்பையும் அவங்க வழிச்சித் துன்னுட்டா மிச்சம் இன்னா இருக்கும்? ஒலக்கைய கழுவுன தண்ணி தான். புரட்டாசில ஒரு நாளு முடிவு பண்ணிட்டேன், நேரா போயி அந்தம்மா மூஞ்சிய பாத்துடணும்னு. பாத்து உங்கள மாதிரி பேசணும்னு. வணக்கம், மலைத்துணை இணையதளத்திலிருந்து வருகிறோம், தாங்கள் அளவுக்கு மீறிப் பேசிவிட்டதால் தங்கள் கிளி பறிக்கப்படுகிறது. சட்டைய உள்ள வுட்டு, செருப்பு தொடைச்சி, பள்ளிக்கூட பேட்ஜ்ல பேரு இருக்குமே, அத திருப்பிக் குத்திகினு கெளம்பிட்டேன்.

போனேன் மேடம். ஓடையெல்லாம் தாண்டி.

தேனீயா? தேனீ இல்ல. சும்மா சொன்னேன்.

இல்ல, அத வுடுங்க. அத வுட்டுட்டு நான் சொல்றத கேளுங்க. சாந்தம்மா இல்லாமலே விழா நடத்துனா ஆவாதா? வயசானவங்க, மலைய வுட்டு எறங்கிப் பழக்கம் இல்ல, வண்டியில வாந்தி எடுத்துடுவாங்க. ஒடம்பு முடியலன்னு சொல்லிடுங்க. அம்மாவுக்கு மட்டும் பொன்னாடை போடுங்க. அதுவே போதும் அதுக்கு. நேத்தே அந்தச் செவப்புப் பொடவைய தொவைச்சிக் கல்லு மேல காயப் போட்டுட்டுது. இல்லன்னா நான் வேணா மேடையில பேசுறேன், எல்லாரு மாதிரியும். ஒன்றிய ஆபீஸ்ல யாரு மாதிரி வேணுமோ சொல்லுங்க.

உங்களுக்கு மேல இருக்கிறவங்க கேப்பாங்களா. அதிகமா பேசுனவங்க அவங்க தான்னு ரிப்போர்ட்ல இருக்குதா. தெரியும். மாசா மாசம் எங்கம்மா தான உங்களுக்குச் சொல்லுது, சாந்தம்மா சாந்தம்மான்னு. எல்லா பக்கத்துலயும் அந்தம்மா பேரு தான்.

வேணாம் மேடம், எந்திரிக்காதீங்க.

இந்தத் தடவ நான் சத்தம் குடுக்கல. பஸ்ஸு தான். வளைவுல ஏறுது. கை காட்டாதீங்க, ப்ளீஸ். ஏறாதீங்க மேடம். போயி இன்னா பண்ணுவீங்க? அங்க யாரும் இல்ல.

சாந்தம்மா செத்துட்டாங்க மேடம். புரட்டாசிலயே.

நான் போனப்பவே காரியம் முடிஞ்சி பந்தல் பிரிச்சிகினு இருந்தாங்க. வசந்தி அக்கா தான் யாருப்பா நீன்னு கேட்டாங்க. ஆடு விக்கிறீங்களான்னு கேட்டேன். வேற இன்னா சொல்றது? அந்த பட்டன் போனு மாடத்துல இருந்துச்சு, சார்ஜ் இல்லாம. போன்ல கட்டுன ஒறவு தான, எங்கம்மான்னு ஒருத்தி இருக்குறதே அந்த வூட்டுல யாருக்கும் தெரியல. அத்தைன்னு ஆயிட்டா சாவுக்குப் போவாம இருக்கக் கூடாது மேடம் எங்க வழக்கத்துல. மூஞ்சில கூட முழிக்க மாட்டாங்க. எங்கம்மாவுக்கு யாரு சொல்லி அனுப்புவாங்க?

அண்ணே, வரலண்ணே! நீ போ! மேடம் ஏறல! ரைட் ரைட்!

பாத்தீங்களா, தசரதன் அண்ணன் எப்டி மொறைக்கிறாரு.

வூட்டுக்கு வந்தேன். பொழுது சாஞ்சிகினு இருந்துச்சு. எங்கம்மா மொறத்த வச்சிகினு ஒக்காந்திருக்குது, மடியில போனு. அதுக்கு முன்னாடி நாலஞ்சு நாளாவும் அப்டி தான் ஒக்காந்திருந்துச்சு, போன் வரலன்றதே எனக்கு ஒறைக்கல. பொடைக்கல. போன திருப்பித் திருப்பிப் பாக்குது. எனக்குப் பாவம்லாம் இல்ல மேடம், நெசமா சொல்றேன். எடம் காலியா இருந்துச்சு, பூந்துட்டேன். அம்மா போன்ல அந்தம்மா பேருக்கு ஒரு சாமந்திப் பூ படம் வச்சிருக்கும், அதுக்குப் படிக்க வராது இல்ல. அந்தப் பூவ தூக்கி எங்கப்பாவோட பழைய நம்பருக்கு வச்சேன். பாறை மேல ஏறுனேன். க்ஹும்... க்ஹும்... இன்னா பாஞ்சாலி, நெஞ்சு சளிடி, அதான் பண்ணல, நீ சாப்டியா?

மொறத்த கீழ வைக்கிற சத்தம் கேட்டுது. மாட்டிகினேன்னு நெனச்சேன். அப்பறம், வா அத்தே, எங்க போய்ட்டன்னு கேட்டுது. கொரலு ஒரு மாதிரி இருந்துச்சு. அதுவும் சளி புடிச்சிருந்துது போல.

அதுலேர்ந்து தெனமும் நான் தான். உங்க ரிப்போர்ட்ல இருக்குற சாந்தம்மா, ஐப்பசி, கார்த்திக, மார்கழி, மூணு மாசத்து சாந்தம்மாவும் நான் தான். இத மட்டும் எங்கம்மாவால கண்டுபுடிக்க முடியல மேடம்! அவ்ளோ சுத்தமா பண்றேன்.

ஆனா ஒண்ணு சொல்றேன், வயித்தெரிச்சல் மட்டும் கொறையல. பேசுறது நானு. மூச்ச புடிச்சி இருமுறது நானு. இனிப்பு பூரா அந்தம்மாவுக்குப் போவுது. நேத்து கூட சொல்லுது, அத்தே, பாறையில பனி கொட்டுது, வெறுந்தலையோட நிக்காத, துண்ட எடுத்துக் கட்டிக்கோ. எறங்க சொல்ல வழுக்கும், பாத்து வா, சோறு சூடா இருக்குதுன்னு. அந்தம்மாவுக்குச் சொல்லுது மேடம்! நானும் தெனம் அதே பாறை மேல தான் நிக்கிறேன், எனக்கு ஒரு நாளாவது சொல்லுச்சா?

இன்னா மேடம், ஏன் அப்டி பாக்குறீங்க?